செய்பவன் இல்லாத செயல்: தருக்க வினாக்களில் ‘நடவடிக்கை’ பற்றிய ஒரு நோக்கு

இந்தியாவில் வங்கிச் சேவைக்கும் அரச சேவைகளுக்கும் ஆட்களைத் தெரிவதற்கென நடத்தப்படும் போட்டிப் பரீட்சைகளில், தருக்கப் பகுதியின்கீழ் ஒருவகை வினா நெடுங்காலமாக இடம்பெற்று வந்துள்ளது. முதலில் ஒரு கூற்றுத் தரப்படும். அதன்கீழ் இரண்டு அல்லது மூன்று நடவடிக்கைகள் இலக்கமிட்டுக் கூறப்படும். கூற்றிலுள்ள அனைத்தையும் உண்மையெனக் கொண்டு, அந்நடவடிக்கைகளுள் எது அதிலிருந்து தருக்கமுறையாகப் பெறப்படுகின்றது எனப் பரீட்சார்த்தி தெரிவுசெய்தல் வேண்டும். ஆர். எஸ். அகர்வாலின் பயிற்சி நூல் முதலாகப் பல கைந்நூல்கள் இதற்கெனத் தனிப்பகுதி வகுத்துள்ளன. உளச்சார்புத் தாள்களுக்கு ஆயத்தஞ் செய்யும் நம் மாணவரிடத்தும் இத்தகைய நூல்களைக் காணலாம். ஐந்தாறு வரிகளுக்கு மேற்படாத இவ்வினா வடிவத்தை, ஓர் இலக்கியப் பிரதியை வாசிக்குமாறு வாசித்து, அது சொல்வதனையும் சொல்லாது விடுவதனையும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாதிரிக்கு ஒன்றை அமைத்துக்கொள்வோம். கூற்று: நகரின் ஒரு பகுதியில், மாசடைந்த குடிநீரினால் வயிற்றோட்டம் பரவியுள்ளது. முதலாம் நடவடிக்கை: அப்பகுதியின் நீர் பரிசோதிக்கப்பட்டு, சுத்தமான நீர் வழங்கப்பட வேண்டும். இரண்டாம் நடவடிக்கை: அப்பகுதியிலுள்ள எல்லோரும் உடனடியாக வெளியேற்றப்பட வேண்டும். முதலாவது மட்டுமே பொருத்தமானது என்பது விடை. இவ்விடையை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆயின், கூற்றை மறைத்துவிட்டு இரு நடவடிக்கைகளை மட்டும் ஒரு பயிற்சிபெற்ற மாணவனிடம் காட்டினாலும் அவன் இதே விடையையே தருவான். ‘எல்லோரும்’, ‘உடனடியாக’, ‘முற்றாகத் தடைசெய்தல்’ முதலிய சொற்கள் வருமிடத்து அந்நடவடிக்கையை நீக்குக என்றும், ‘ஆராய்தல்’, ‘விழிப்பூட்டல்’, ‘ஏற்பாடு செய்தல்’ என்பன வருமிடத்து ஏற்றுக்கொள்க என்றும் அவன் பழகியிருக்கிறான். இது குறுக்குவழியாயினும் பெரும்பாலும் பிழைப்பதில்லை. பிழையாமையே நம்மை ஐயுற வைப்பது. சிக்கலை நோக்காமலே தீர்வைத் தெரிய இயலுமாயின், அங்கு அளக்கப்படுவது சிக்கலைத் தீர்க்கும் ஆற்றல் அன்று. மிதமான சொற்களை நாடும் ஒரு மனப்பாங்கே.

‘தருக்கமுறையாகப் பெறப்படுதல்’ என்னுந் தொடரும் ஆராயத்தக்கது. அளவையியல் பயின்றோர் அறிவர்: எடுகூற்றுக்களில் இல்லாததொன்று முடிவில் வருதல் ஆகாது. ‘நீர் மாசடைந்தது’ என்னும் செய்தியிலிருந்து ‘சுத்தமான நீர் வழங்கப்பட வேண்டும்’ என்பது, மக்களின் நலம் பேணப்படல் வேண்டும் என்ற வேறோர் எடுகூற்று இடையே புகுந்தாலன்றிப் பெறப்படாது. ‘உளது’ என்பதிலிருந்து ‘வேண்டும்’ என்பதற்குத் தாவுவதன் இடர்ப்பாட்டை டேவிட் ஹியூம் 1739 - 40இல் வெளிவந்த தமது நூலிலே சுட்டிக்காட்டினார். வினா அமைப்போர் இவ்வெடுகூற்றை மறைவில் வைத்துக்கொள்கின்றனர். வயிற்றோட்டம் போன்றவற்றில் இதனால் தீங்கில்லை; நோக்கம் யாவர்க்கும் பொதுவானது. நோக்கமே பிணக்குக்குரியதாகும் இடங்களில்தான் இம்மறைப்பு வினையாற்றத் தொடங்குகின்றது.

இதனைத் தெளிவுபடுத்துதற்கு நம்மிடம் ஒரு பழைய அளவுகோல் உண்டு. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் தொழிலுக்கு இன்றியமையாதனவாக எட்டினை வகுத்துரைப்பர். செயல், செய்பவன், செயப்படுபொருள், இடம், காலம், கருவி என்பவற்றோடு, இன்னார்க்காக என்பதும், இன்ன பயன் கருதி என்பதும் அவ்வெட்டினுள் அடங்கும். இவற்றுட் சில வழக்கிற் குறைந்து வருதலையும் அவர் உடன்படுவர். அவர் கூறியது சொற்றொடர் பற்றியதே, ஆட்சிமுறை பற்றியதன்று. எனினும், ஒரு செயலை மதிப்பிடப் புகுவோன் கேட்க வேண்டியவை யாவும் அவ்வெட்டினுள் அமைந்துவிடுதல் வியப்பிற்குரியது. (இங்குத் திருக்குறளை மேற்கோளாக எதிர்பார்ப்போர் இருக்கலாம். தெரிந்துசெயல்வகை என்னும் 47ஆம் அதிகாரத்தையடுத்து வலி, காலம், இடன் என்பவற்றை அறிதல் பற்றிய மூன்று அதிகாரங்கள் தொடர்வதைச் சுட்டுவதோடு அமைகின்றேன்.)

மேற்காட்டிய மாதிரியிலே எட்டினுள் எத்தனை உள? ‘பரிசோதிக்கப்பட்டு’, ‘வழங்கப்பட வேண்டும்’, ‘வெளியேற்றப்பட வேண்டும்’ என வினைகள் யாவும் செயப்பாட்டு வடிவின. எழுவாயாக நிற்பது செயப்படுபொருள், செய்பவன் இல்லை. இது வினா அமைப்போரின் கவனக்குறைவு அன்று. இவ்வினாக்களுக்கு வழக்கமாகத் தரப்படும் அறிவுறுத்தலே, நடவடிக்கை என்பது ஒரு சிக்கல் குறித்து எடுக்கப்படும் நிருவாகத் தீர்மானம் என வரையறுத்து விடுகின்றது. எனவே செய்பவன் எப்பொழுதும் மேலிருக்கும் ஒருவனே. நோயுற்றோர், அயலவர், தொழிற்சங்கத்தினர், கிராமத்தவர் ஆகியோர் இவ்வுலகிலே செயப்படுபொருளாக மட்டுமே வருவர். அவர்கள் தாமே ஒரு கிணற்றை மூடுவதும், ஒரு மனுவை எழுதுவதும் நடவடிக்கை எனக் கொள்ளப்படமாட்டா.

யாருக்காக என்ற வினா விடுபடுமிடத்து நேர்வதற்கு வரலாற்றில் ஒரு கொடிய சான்று உண்டு. 1942இல் ஜப்பானியப் படை வங்காளக் கரையில் இறங்கக்கூடும் என பிரித்தானிய ஆட்சியாளர் அஞ்சினர். இறங்கும் படைக்கு உள்ளூர்ப் படகுகள் உதவக்கூடும் என்பதும் உண்மையே. ஆகவே பத்துப் பேரும் அதற்கு மேற்பட்டோரும் ஏறத்தக்க படகுகளைக் கரையோர மாவட்டங்களிலிருந்து அகற்றவோ அழிக்கவோ ஆணையிடப்பட்டது. நமது பரீட்சை வினாவின் சட்டகத்துள் இதை இட்டுப் பார்த்தால், கூற்றிலிருந்து நடவடிக்கை பிசகின்றிப் பெறப்படுகின்றது. அப்படகுகளிலேதான் மீனவர் கடலுக்குச் சென்றனர். உழவர் தம் நிலத்துக்குச் சென்றனர். நெல் சந்தைக்குச் சென்றது என்பது கூற்றிலே இல்லை. இல்லாதவற்றைக் கருதலாகாது என்பதே விதி. அடுத்த ஆண்டின் பெரும் பஞ்சத்துக்குக் காரணங்கள் பல. அவற்றுள் இவ்வாணையும் ஒன்றென எண்ணப்படுகின்றது. அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலிலே, 1943இன் உணவு இருப்பு, பஞ்சமில்லாத 1941இன் இருப்பிலும் குறைந்ததன்று என வாதிட்டார். அவ்வாறாயின், ‘உணவு போதாது’ என்ற கூற்றையே முதலிற் கேள்விக்குட்படுத்தியிருத்தல் வேண்டும். ‘கூற்றை உண்மையெனக் கொள்க’ என்ற பயிற்சி இத்திறனை வளர்க்குமென எதிர்பார்த்தல் இயலாது.

காலம் என்பதும் அவ்வாறே. 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்ததற்கும் நமது கிழக்குக் கரையை அலை தாக்கியதற்கும் இடையே இரண்டு மணித்தியாலம் அளவிற் கழிந்தது. கரையிலுள்ள எல்லோரும் உடனடியாக வெளியேற வேண்டும் என்பது, நம் மாணவன் கண்ணை மூடிக்கொண்டு நீக்கிவிடும் வகையைச் சேர்ந்த வாக்கியம். அன்று அதுவொன்றே விவேகமான நடவடிக்கை. நிபுணர் குழுவொன்று ஆராய வேண்டும் என்ற மிதமான விடை, முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரை இழந்த நாட்டில், மறுநாளைக்கே பொருந்தியிருக்கும்.

இவற்றினும் நுட்பமானது மலேரியா பற்றிய நம் அனுபவம். 1934 - 35இல் இந்நோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுசென்றது. 1940களின் நடுப்பகுதியிலிருந்து டி.டி.ரி. தெளிக்கப்பட்டதன் பின்னர் நோய் விரைந்து தணிந்து, 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். இதனைக் கூற்றாகக் கொள்க. தெளிப்பை நிறுத்தி, காய்ச்சலுற்றோரின் குருதியைச் சோதித்து நோயைக் கண்காணிக்க வேண்டும் என்பது முதலாம் நடவடிக்கை. தெளிப்பை முன்போலவே நாடெங்கும் தொடர வேண்டும் என்பது இரண்டாவது. பரீட்சையில் முதலாவதே புள்ளி பெறும், பெறுதலும் முறையே. அக்கால உலக ஒழிப்புத் திட்டத்தின் நெறியும் அதுவாகவே இருந்தது. பூச்சிகொல்லிக்கு எதிரான சூழலியற் கருத்துக்களே தெளிப்பு நின்றமைக்குக் காரணம் எனச் சிலர் பின்னாளில் எழுதியது வரலாற்றுக்குப் பொருந்தாது. வெற்றியே நிறுத்தத்தின் காரணம். 1967ஐ அடுத்து நோய் மீண்டும் கிளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. மீண்டும் தெளிக்கப் புகுந்தபோது நுளம்பு டி.டி.ரி.க்கு எதிர்ப்புத்தன்மை பெற்றுவந்தமை தெரிந்தது. 1977இல் மலத்தியனுக்கு மாற வேண்டியதாயிற்று.

1963இன் தீர்மானம் பிழையா? இவ்வினாவுக்கு ஆம், இல்லை என விடையிறுத்தல் பயன்தராது. தீர்மானத்தின் முற்பாதி ஒரு கையொப்பத்தினால் நிறைவேறியது. பிற்பாதியாகிய கண்காணிப்போ, கிராமந்தோறும் காய்ச்சற்காரரைத் தேடிச்செல்லும் ஊழியர் ஆண்டாண்டாகச் செய்ய வேண்டிய பணி. நோயாளரே இல்லாத ஆண்டுகளில் அப்பணி தளர்தல் இயல்பு. வரட்சியால் ஆறுகள் குட்டைகளாகத் தேங்கிய ஆண்டுகளில் அத்தளர்ச்சி வெளிப்பட்டது. முதலாம் நடவடிக்கை என ஒரே வாக்கியத்தில் நாம் எழுதியது, உண்மையில் வேறுவேறு செய்பவரையும் காலத்தையும் கருவியையும் வேண்டிநின்ற இரு செயல்கள். செய்பவனைச் சொல்லாத வாக்கியம் அவற்றை ஒன்றுபோலக் காட்டிவிட்டது. பிற்கால வரலாறும் இதனை உறுதிப்படுத்துகின்றது. உள்நாட்டிற் தொற்றிய மலேரியா 2012இன் பின் அற்றுப்போக, 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. அதன் பின்னரும், வெளிநாட்டிலிருந்து வருவோரிடத்துத் தொற்றைத் தேடும் பணி கைவிடப்படவில்லை.

இவ்வினா வடிவத்தை முற்றாக ஒதுக்கிவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. நோயையும் அதன் அறிகுறியையும் வேறுபடுத்தல், தீங்கின் அளவிற்கேற்ப மருந்தின் அளவை நிறுத்தல் ஆகியவற்றைத் தொடக்க நிலையில் இது பழக்குகின்றது. இலட்சக்கணக்கானோரின் விடைகளை இயந்திரம் திருத்தும் பரீட்சையில், ஒரே விடையுடைய வினாவே கைகொடுக்கும் என்பதையும் மறுத்தற்கில்லை. இந்தியக் குடிமைச் சேவைப் பரீட்சையில் 2013 முதல் அறவியற் தாளொன்று சேர்க்கப்பட்டு, அதிலே நிகழ்வாய்வு வினாக்கள் இடம்பெறுகின்றன. நீர் இன்ன பதவியிலுள்ள அதிகாரி, உம் மேலதிகாரி இன்னது சொல்கிறார், ஊரவர் இன்னது கேட்கின்றனர், உமக்குள்ள வழிகள் யாவை என அவை வினவும். செய்பவனும், யாருக்காக என்பதும் இங்கு வந்துவிடுகின்றன. விடையைத் திருத்துவோருக்கிடையே புள்ளி வேறுபடலாம் என்பது இதன் விலை. அவ்விலையைக் கொடுக்க விரும்பாத பரீட்சைகளிலும், வாக்கியத்தைச் செய்வினையாக மாற்றி, ‘மாநகர சபை தன்னிடமுள்ள இரு நீர்த்தாங்கி வண்டிகளைக் கொண்டு, இன்று மாலைக்குள்’ என்று எழுதுவதற்குத் தடையெதுவும் இல்லை. அப்பொழுது, இரண்டு வண்டிகள் எத்தனை குடும்பத்துக்குப் போதும் என்று மாணவன் கணக்கிடத் தொடங்குவான்.