வடுவும் வாசிப்பும்: முன்னாள் போராளிகளின் எழுத்துக்கள் பற்றிய ஒரு நோக்கு

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிவுற்றதன் பின்னர், முன்னாள் போராளிகளின் தன்வரலாறுகள் ஈழத்துத் தமிழ் எழுத்தில் ஒரு தனிவகையாக வளர்ந்துள்ளன. அவற்றுள் தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’, வெற்றிச்செல்வியின் ‘ஆறிப்போன காயங்களின் வலி’ ஆகிய இரண்டும் சிறப்பாக நோக்கத்தக்கன. இத்தகைய நூல்களை நாம் எவ்வாறு வாசிக்கின்றோம் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

தமிழினி விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியற்றுறைப் பொறுப்பாளராக இருந்தவர். சிறையும் புனர்வாழ்வு முகாமும் கடந்து 2013இல் விடுதலையானார். 2015 ஒக்டோபரிற் புற்றுநோயால் மறைந்தார். 2016இல் நூல் வெளிவந்ததும் எழுந்த விவாதங்கள் பெரும்பாலும் இரு வினாக்களையே சுற்றி நின்றன. இயக்கம் பற்றி அவர் கூறியவை சரியா? இவை யாவும் அவரே எழுதியவையா? அரசியல் நூலொன்றைக் குறித்து இவ்வாறு வினவுவது தவறன்று. ஆயினும், போர்க்களத்தையும் தோல்வியையும் சிறையையும் கடந்து வந்த ஒருவரின் உளநிலை யாது என்னும் வினா போதிய கவனத்தைப் பெறவில்லை.

இதன் விளைவு பாரதூரமானது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவரின் வாக்குமூலமாக நூலைக் கொள்ளும் வாசகர், அதிலுள்ள தயக்கத்தையும் விடுபடல்களையும் மறைப்பு என்றே கருதுவர். உளமருத்துவமோ அவற்றை ஆறாத நோவின் அறிகுறிகளாகவும் காணும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரம் 1993இலேயே ‘மனவடு’ என்னும் நூலைத் தமிழில் தந்தார். போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் சமூகத்தையும் சிதைக்கின்றது என்பதை 2007இல் வெளிவந்த ஆய்வில் அவர் விளக்கினார். உடற்புண் ஆறினும் வலி எஞ்சும் என்பதை வெற்றிச்செல்வி நூலின் தலைப்பும் உணர்த்துகின்றது.

வியட்நாம் போரிலிருந்து மீண்ட படையினரின் துயரம் வற்புறுத்தியதனாலேயே, 1980இல் அமெரிக்க உளமருத்துவம் போர்வடுவை நோயாக ஏற்றது. இலங்கை அரச படையினருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் 1999இல் ரணவிரு சேவை அதிகாரசபை உருவாயிற்று. புனர்வாழ்வு பெற்று வீடு திரும்பிய ஏறத்தாழ 12,000 போராளிகளைத் தொடர்ந்து வந்ததோ புலனாய்வாளரின் கண்காணிப்பு. அயலவர் அஞ்சி ஒதுங்கினர். பெற்றோர் பிள்ளையின் கடந்தகாலத்தைப் பேசாது மறைத்தனர். யாழ்ப்பாணம், தெல்லிப்பழை வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகள் உள்ளன. எனினும், வாய்திறக்கவே அஞ்சுபவர் அங்கு செல்வதெங்ஙனம்?

இவ்வெழுத்தாளரை நோயாளராகவே காண்பது அவர்தம் அரசியற் பொறுப்பை மறுப்பதாகாதா என்று சிலர் வினவலாம். அவ்வையம் நியாயமானதே. தமிழினி தம் கடந்தகாலத்தைத் தாமே மதிப்பிட்டவர். அவ்வுரிமையை எவரும் பறித்தலாகாது. எனவே, கருத்துக்கு விடையிறுப்பதும் வலியை அறிவதும் விமர்சகருக்கு ஒருங்கே கடமையாகின்றன. இந்நூல்களைத் தமிழ் மாணவரும் உளமருத்துவ மாணவரும் கூடியிருந்து வாசிக்கும் வட்டமொன்றை நமது சங்கம் இவ்வாண்டே தொடங்குதல் தகும். போராளிகளின் குடும்பத்தினர் அஞ்சாது வந்து பேசக்கூடிய இடமாகவும் அது அமைதல் வேண்டும்.