செம்பியன் மாதேவியாரின் திருப்பணித்திறம்

சோழப் பேரரசியாராகிய செம்பியன் மாதேவியாரைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவர் எடுப்பித்த கற்றளிகளை எண்ணிக் காட்டுதலோடு அமைகின்றனர். வேறு சிலர், கணவராகிய கண்டராதித்தர் 957-ஆம் ஆண்டளவில் சிவபதம் எய்தியபின், கைம்மைத் துயர் ஆற்றுதற்கே அம்மையார் திருப்பணியை மேற்கொண்டனர் என்பர். இக்கூற்றுப் பொருந்தாது. மாமனார் முதற் பராந்தகர் ஆண்ட 941-ஆம் ஆண்டிலேயே அம்மையார் திருவிளக்கிற்கு நிவந்தம் வைத்துள்ளார். 1001-இல் திருவக்கரைக் கற்றளி கண்டவரும் அவரே. அறுபதாண்டுத் தொண்டிற்குத் துயர் ஒன்றே காரணமாமோ?

எண்ணிக்கையினும் பெரிதாக யாம் மதிப்பது திருக்கோடிகாவிற் காணப்படுவது. அப்பழங்கோயிலைக் கருங்கல்லாற் புதுக்கிய காலத்து, அங்குக் கிடந்த கற்களில் பல்லவரும் பாண்டியரும் முன்னைச் சோழரும் ஆண்ட நாளைய அறங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அவற்றை வீணே ஒழியவிடாது படியெடுப்பித்து, பழங்கல்லினின்று எடுத்தவை என்னும் குறிப்போடு புதிய சுவரில் வெட்டுவித்தனர். கல்வெட்டே அறத்திற்குச் சான்று. அஃது ஒழியின், விளக்கெரிக்கக் கடவார் யாவர் என்று கேட்டற்கும் இடமின்றாம். தம் பெயரை நிறுத்துதற்கு எடுத்த சுவரிற் பிறர் பெயரையும் வாழவைத்தார் எத்துணையர்?

திருநல்லத்தும் இக்குணமே விளங்கும். ஒன்பதாம் திருமுறையில் தில்லைத் திருவிசைப்பா அருளிய தம் கொழுநர் பெயராலே, மகனார் உத்தமசோழர் ஆட்சியில், அக்கற்றளியை எடுப்பித்தார். அவர் சிவலிங்கத்தை வழிபடும் உருவையும் சுவரில் அமைப்பித்தார். பணியை நின்று நடத்திய ஆலத்தூர்ச் சாத்தன் குணபத்தன் பெயரும் அங்குக் கல்லில் உளது. ஏவிய அரசியார் பெயரோடு ஏவல் செய்தான் பெயரும் நிற்றல் நோக்கத்தக்கது.

பழைய தளிகளின் உருவம் இத்திருப்பணிகளால் மறைந்தமை இழப்பே. அதனை மறுப்பார் இலர். ஆயினும் எழுத்தாவது எஞ்சிற்று. அண்மைக் காலத்தில் திருப்பணி என்னும் பெயரால் மணலை வீசிச் சுவர்களைத் தேய்த்தும், எழுத்தின்மேற் சாயம் பூசியும் ஒழித்தவர், புதுக்குமுன் படியெடுக்கும் அவ்வளவு தானும் செய்திலர். ஆயிரம் ஆண்டின் முன்னர், அச்சும் நிழற்படமும் இல்லாத நாளில், உளி கொண்டு செய்த வேலை அது.

அம்மையார் பெயர் பூண்ட செம்பியன் மாதேவி என்னும் ஊரின் கயிலாசநாதர் கோயிலில், 1019-இல், முதல் இராசேந்திரர் காலத்தே அவர்க்குப் படிமம் எழுந்தருளுவிக்கப்பெற்று, வழிபாட்டிற்கு நிவந்தமும் அமைந்தது.