தனி அணு என்று தலைப்பில் எழுதினால் போதுமா?

2011-ல் தாவோ சாங் குழுவினர் இரும்பு ஆக்சைடு மேல் பிளாட்டினத்தைத் தனித்தனி அணுவாக உட்கார வைத்துக் காட்டினார்கள். அதன்பிறகு "தனி அணு வினையூக்கி" என்பது ஒரு ஐஎஸ்ஐ முத்திரை மாதிரி ஆகிவிட்டது. கரிமத் தாங்கியில் இரும்பை வைக்கும் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாகப் படித்துவருகிறேன். நான் மென்பொருள்காரன், வேதியியல் பொழுதுபோக்குதான். ஆனாலும் தலைப்புக்கும் செய்முறைப் பகுதிக்கும் நடுவே உள்ள ஓட்டை கண்ணை உறுத்துகிறது.

அதிகம் புழங்கும் செய்முறை அழகானது. துத்தநாகமும் மெத்தில் இமிடசோலும் பின்னிய நுண்துளைப் படிகம் ஒன்றில் துளியூண்டு இரும்பு உப்பைச் சேர்த்து, ஆர்கான் ஓட்டத்தில் 900 டிகிரிக்கு மேல் சுடுவார்கள். துத்தநாகத்தின் கொதிநிலை 907 டிகிரி. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, இரும்பு அணுக்கள் ஒன்றையொன்று நெருங்காமல் நடுவில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஆவியாகி எழுந்து போய்விடும். மிஞ்சிய கரிமத்தில் நான்கு நைட்ரஜன்கள் சேர்ந்து இரும்பைப் பிடித்துக்கொள்ளும்.

சிக்கல் என்னன்னா, அதே சூடுதான் உலோக அணுக்களை நகரவைத்துக் கட்டியாகவும் சேர்க்கிறது. "அமிலத்தில் கழுவினோம், துகள்கள் போய்விட்டன" என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். சூட்டில் இரும்புத் துகள் தன்னைச் சுற்றிக் கிராஃபைட் ஓடு போட்டுக்கொள்ளும். ஓட்டுக்குள் அமிலம் எப்படிப் போகும்?

அடுத்தது, கருப்புப் பின்னணியில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். எடையில் 1% இரும்பு என்றால், சுமார் 460 கரிம அணுவுக்கு ஒரு இரும்பு. ஒரு மில்லிகிராம் தூளில் ஏறக்குறைய லட்சம் லட்சம் கோடி இரும்பு அணுக்கள். படத்தில் தெரிவதோ சில நூறு. இவ்வளவு பெரிய லாகில் நாலு வரி பார்த்துவிட்டு "பிழையே இல்லை" என்று எங்கள் தொழிலில் யாராவது சொன்னால் சும்மா விடுவோமா? எக்ஸ்-கதிர் உட்கவர் அளவீடு மொத்தத் தூளையும் பார்க்கும், சரி. ஆனால் அது தருவது சராசரி. சில சதவீதக் கட்டிகள் அதில் அமுங்கிவிடும்.

எரிபொருள் கலத்தில் பிளாட்டினத்துக்கு மாற்று தேடும் வேலை இது. உண்மையில் வேலை செய்தது ஒளிந்திருந்த கட்டிகள் என்றால், அடுத்த ஆய்வகம் வேறு உலையில் அதே செய்முறையைச் செய்து பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ளும்.

அமிலத்துக்கு முன்னும் பின்னும் இரும்பின் அளவு, உருப்பெருக்கம் குறைந்த படங்கள், தயோசயனேட்டால் இரும்பை அடைத்தால் வேகம் எவ்வளவு விழுகிறது, பயன்படுத்திய பிறகு தூள் எப்படி இருக்கிறது: இந்த நாலும் இருக்கும் கட்டுரையைத்தான் இப்போதெல்லாம் முழுசாகப் படிக்கிறேன்.