மிருதங்கமும் உறுமியும்: கிள்ளான் பள்ளத்தாக்கின் தாளக் கலப்பிசை குறித்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

பாட்டுக்குத் துணைநிற்கும் மிருதங்கம், கடம், கஞ்சிரா முதலிய கருவிகள் தாமே முதன்மை பெற்று ஒலிக்கும் நிகழ்ச்சியைத் தாளவாத்தியக் கச்சேரி என்பர். கடந்த அரை நூற்றாண்டில் இவ்வடிவம் கருநாடக இசையின் எல்லையைக் கடந்து, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்க, மேலைத் தாளக் கருவிகளோடு கூடி ‘உலக இசை’ என்னும் பெயரில் வழங்கி வருகின்றது. கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் மிருதங்கத்தின் அருகே ஜெம்பேயும், தபேலாவின் அருகே டிரம்ஸும் அமர்வது இன்று இயல்பான காட்சியாகிவிட்டது. கலப்பது தகுமா என்னும் பழைய வினாவுக்கு இனி வேலையில்லை. எதனை எதனோடு, எந்த அடிப்படையில் கலக்கிறோம் என்பதே ஆராயத்தக்கது.

கணக்கு என்னும் பொதுமொழி

இத்துறையின் முன்னோடி முயற்சிகள் மூன்றினை ஒப்பிடுவது பயன்தரும். 1976இல் வெளிவந்த ‘சக்தி’ குழுவின் முதல் இசைத்தட்டில் ஜான் மெக்லாலினின் கித்தாரும் எல். சங்கரின் வயலினும் முன்நிற்க, ஜாகிர் உசேனின் தபேலா, விக்கு விநாயக்ராமின் கடம், இராமநாதபுரம் இராகவனின் மிருதங்கம் ஆகியன உடன் ஒலித்தன. 1991இல் மிக்கி ஹார்ட் வெளியிட்ட ‘பிளானட் டிரம்’ தொகுப்பில் ஜாகிர் உசேனும் விநாயக்ராமும் நைஜீரியாவின் பாபாதுண்டே ஒலாதுஞ்சி முதலானோருடன் இணைந்தனர். உலக இசைக்கென முதன்முறையாக வழங்கப்பட்ட கிராமி விருதை இத்தொகுப்பே பெற்றது. 1986இல் காரைக்குடி மணி தொடங்கிய ‘சுருதி லயா’ குழுவோ, பின்னர் ஆஸ்திரேலிய ஆர்ட் ஆர்கெஸ்ட்ராவின் ஜாஸ் கலைஞர்களோடு இணைந்து இயங்கியது.

இம்மூன்றும் ஒரே வகையின அல்ல. ‘பிளானட் டிரம்’ திரும்பத் திரும்ப வரும் தாள அடுக்குகளால் ஆனது. அங்கே கடத்தின் ஒலி இனிய நிறமாகச் சேர்கிறது. ஆயின் கோர்வை வளர்ந்து முடிவதற்குரிய வெளி குறைவு. காரைக்குடி மணியின் வழியில் கணக்கே படைப்பின் எலும்புக்கூடு.

ஓர் எளிய சான்று காண்போம். சதுஸ்ர நடையில் ஆதிதாளத்தின் ஓர் ஆவர்த்தனம் 32 மாத்திரை கொண்டது. ‘ததிகிணதொம்’ என்னும் ஐந்து மாத்திரைச் சொல்லை மும்முறை, இடையிடையே இரண்டிரண்டு மாத்திரை இடைவெளி விட்டு வாசித்தால் 19 மாத்திரை ஆகும். எனவே 13 மாத்திரை கழித்துத் தொடங்கினால், அடுத்த சமத்தில் முடிவு வந்து பொருந்தும். தாளம் போடத் தெரியாதவரும் அந்த வந்தடைதலை உணர்கிறார். இதனைக் கொன்னக்கோலாக வாயால் சொல்லிக் கொடுத்தால் சாக்சபோன் கலைஞரும் கற்றுக்கொள்ள இயலும். கருநாடகத் தாளமரபு உலக மேடையில் பிறரோடு உரையாட முடிந்ததற்கு இதுவே தலையாய காரணம் எனலாம்.

இழப்பின் கணக்கு

ஆயினும் கணக்கு மட்டுமே மரபு ஆகாது. மிருதங்கத்தின் வலந்தலை பாடகரின் சுருதியோடு சேர்க்கப்படுவது. தொப்பியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை அழுத்தி எழுப்பும் ‘கும்கி’ பாட்டின் குழைவைத் தொடர்ந்து செல்வது. ஒலிபெருக்கியின் முழக்கத்தில், டிரம்ஸின் பேரொலிக்கு நடுவே, முதலில் மறைவது இந்தக் கும்கிதான். எஞ்சுவது விரைவு. விரைவு கைதட்டலைப் பெறுகிறது. கைதட்டல் மேலும் விரைவைக் கேட்கிறது. பாட்டின் பொருளறிந்து அடங்கி வாசிக்கும் பண்பு அங்கே பயிற்சி இழக்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் நிலை

நம் நாட்டில் டிரம்ஸ் கலைஞர் லூயிஸ் பிரகாசத்தின் ‘ஏசியாபீட்’, சித்தாரையும் தபேலாவையும் கித்தாரோடு இணைத்த ‘ஆகாஷா’ ஆகிய குழுக்கள் மதிப்புக்குரிய தடம் பதித்துள்ளன. 1981இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி நிறுவிய, பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் ‘டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்’ செவ்வியல் பயிற்சிக்குத் தளமாக விளங்குகிறது. 1998இல் சரவாக்கில் தொடங்கிய மழைக்காட்டு உலக இசை விழா இத்தகைய கலப்பிசைக்கு மேடை தந்தது.

ஆனால், பத்துமலைத் தைப்பூசத்திலும் கிள்ளான் வட்டாரக் கோயில் திருவிழாக்களிலும் கேட்கும் உறுமி, இந்தக் கலப்பு மேடைகளில் அரிதாகவே இடம்பெறுகிறது. தோட்டப்புற மக்கள் போற்றிக் காத்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் நகர்ப்புற அடுக்குமாடிகளுக்கு உடன்கொண்டு வந்த கருவி அது. திரைப்பாடல் மெட்டுகளைக் காவடிக்கு முன் முழக்குவது குறித்த கண்டனத்தில் நியாயம் உண்டு. அதனைக் காட்டிக் கருவியையே தாழ்வாக எண்ணுவதில் நியாயம் இல்லை.

இசைநிலையில் நோக்கினும் இவ்விலக்கு பொருந்தாது. ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்து எழுப்பும் உறுமல், ஒலியை வளைக்கும் கலை. தொப்பியின் கும்கியும் ஒலியை வளைக்கும் கலையே. திறந்த அடியை முதன்மையாகக் கொண்ட ஜெம்பேயைவிட மிருதங்கத்துக்கு உறுமியே நெருங்கிய உறவு. தொலைவிலுள்ள கருவியை விருந்தினராக வரவேற்கும் நாம், வீட்டுக் கருவியை வாசலில் நிறுத்தியிருக்கிறோம். இதற்குக் காரணம் ஒலியன்று. சாதி, வகுப்பு பற்றிய நம் தயக்கமே.

மலேசியச் சீனரின் அனுபவம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1988இல் ஜொகூர் பாருவில் தான் சாய் புவாவும் தான் ஹூய் சோங்கும் உருவாக்கிய ‘24 பருவ முரசு’, சிங்க நடனத்தோடு வீதியில் ஒலித்த முரசையே எடுத்துக்கொண்டு புதுக்கலையாக வளர்த்தது. பள்ளிகளில் வேரூன்றிய அக்கலை 2009இல் தேசிய மரபுடைமையாக அறிவிக்கப்பட்டது. வீதியின் முரசைத் தாழ்வாக எண்ணியிருந்தால் அக்கலை பிறந்திராது.

முடிவுரை

உறுமியை அலங்காரத்துக்காக மேடையேற்றினால் போதாது. அது மீண்டும் ‘நிறம்’ மட்டுமே ஆகிவிடும். உறுமிமேளக் கலைஞர்கள் வாய்வழி வழங்கும் அடிகளைத் தொகுத்து, சொற்கட்டாக எழுதி, கோர்வை அமைக்கும் மிருதங்கக் கலைஞரோடு சமநிலையில் அமர்த்த வேண்டும். பல்கலைக்கழகங்கள் இத்தொகுப்புப் பணியை மேற்கொள்ளலாம். அவ்வாறு பிறக்கும் தாளக் குழு, உலக இசை விழாவில் எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்கப்படும்போது தன் வாசிப்பாலேயே விடை சொல்லும்.