ஆராய்ச்சியும் கூலியும்

ஐக்கிய அமெரிக்காவின் பல்கலைக்கழகங்களுக்குக் கலாநிதிப் பட்டம் நாடிச் சென்ற பிறநாட்டு மாணவர் சிலர், ஆய்வை முடிக்காது, இடைவழியில் ஒரு முதுமாணிப் பட்டத்தோடு வெளியேறித் தொழில் நிறுவனங்களிற் சேர்ந்துவிடுகின்றனர். கணினி விஞ்ஞானம், எந்திரவியல் ஆகிய துறைகளில் இது புதுமையன்று. இவர்களைப் பற்றி இருவகைத் தீர்ப்புக்கள் வழங்கப்படுகின்றன. அறிவின் கோயிலைத் துறந்து சந்தைக்கு ஓடியவர்கள் என்பது ஒன்று. காலத்தின் போக்கறிந்து பிழைக்கத் தெரிந்தவர்கள் என்பது மற்றொன்று. முன்னதிற் பேராசிரியர்களின் மனத்தாங்கல் ஒலிக்கிறது. பின்னதிற் சந்தையின் பெருமிதம் ஒலிக்கிறது. ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினும் இரண்டும் ஒரே தவற்றையே செய்கின்றன. போகிறவரின் மனத்தை அவை ஆராய்கின்றன. அவர் நின்ற இடத்தை ஆராயவில்லை.

அவர் நின்ற இடம் எது? அவர் இளநிலை மாணவர்க்கு வகுப்பெடுக்கிறார், விடைத்தாள்களைத் திருத்துகிறார், பேராசிரியர் பெற்ற மானியத்தில் நடைபெறும் பரிசோதனைகளை இரவு பகலாக நடத்துகிறார். அதற்கு ஈடாகக் கல்விக் கட்டண விலக்கும் ஓர் உதவிப்பணமும் பெறுகிறார். பெயர் மாணவர், செய்வது வேலை. இதனைக் கண்டுகொள்ள ஒருவர் மார்க்சியவாதியாக இருக்க வேண்டியதில்லை. விஞ்ஞானத்தைத் தொழிலாகக் கொள்வது பற்றி மக்ஸ் வேபர் 1917ஆம் ஆண்டு மியூனிக் நகரில் ஆற்றிய சொற்பொழிவில், பெரிய ஆய்வுகூடங்களின் உதவியாளரைத் தொழிற்சாலைத் தொழிலாளியோடு ஒப்பிட்டார். இருவருக்கும் உழைப்புக் கருவிகள் சொந்தமில்லை. ஆகவே இருவரும் அவற்றை ஆள்பவரைச் சார்ந்தே வாழ வேண்டும் என்பது அவர் காட்டிய ஒப்புமை. சட்டம் இவ்வுண்மையை ஏற்கத் தயங்கியே வந்தது. தனியார் பல்கலைக்கழகங்களில் உதவியாளராகப் பணிபுரியும் மாணவரும் தொழிலாளரே என்பதைக் கொலம்பியாப் பல்கலைக்கழக வழக்கில் அந்நாட்டுத் தேசியத் தொழிலுறவுச் சபை மீண்டும் நிலைநாட்டியது 2016ஆம் ஆண்டிலேதான்.

உள்நாட்டு மாணவருக்கும் இந்நிலையே எனலாம். ஆனால் பிறநாட்டவருக்கு இன்னொரு விலங்கும் உண்டு. அது மாணவ விசா. தவணைக் காலத்தில் அவர் பல்கலைக்கழகத்துள் வாரத்திற்கு 20 மணி நேரத்திற்கு மேல் ஊதிய வேலை செய்யலாகாது. வெளியிலோ தனி அனுமதியின்றி வேலையே செய்யலாகாது. உடன் வந்த கணவனோ மனைவியோ உழைக்கவும் அனுமதியில்லை. அனுமதி பெற்றுப் படிப்பை விட்டு விலகினால் நாட்டை நீங்க அவருக்குள்ள தவணை 15 நாட்கள். ஆனால் ஒரு முதுமாணிப் பட்டத்தைப் பெற்றுப் படிப்பு முடிந்ததெனக் காட்டினால், 60 நாட் தவணையும், துறைசார்ந்த வேலையில் 12 மாதப் பயிற்சிக்காலமும் கேட்கலாம். விஞ்ஞானம், தொழில்நுட்பம், எந்திரவியல், கணிதம் ஆகிய துறைகளாயின் 2016இன் விதிப்படி மேலும் 24 மாதங்கள் கிடைக்கும். உள்நாட்டவர் மனம் சலித்தால் ஓராண்டு வீட்டிலிருந்து ஆலோசிக்கலாம். பிறநாட்டவருக்கு ஆலோசிக்கவும் நாட்கணக்கு உண்டு. அவர் முதுமாணிப் பட்டத்தோடு போவதைப் பேராசை என்பவர், சட்டம் திறந்து வைத்த ஒரே கதவு அதுவே என்பதை மறந்துவிடுகிறார்.

சந்தையைப் போற்றுவோர் உடனே ஓர் உதாரணத்தை நீட்டுவர். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்திற் கலாநிதி ஆய்வை இடைநிறுத்தி 1998இற் கூகிள் நிறுவனத்தைத் தொடங்கிய லரி பேஜ், சேர்ஜி பிரின் ஆகியோரின் கதை அது. அக்கதையிற் சொல்லப்படாமல் விடப்படுவனவே முக்கியமானவை. அவர்களது ஆய்வு, தேசிய விஞ்ஞான நிறுவகத்தின் மானியம் பெற்ற மின்னூலகத் திட்டத்தில் முளைத்தது. பிரின் பெற்ற ஆய்வுப் புலமைப்பரிசிலும் அந்நிறுவகத்தினதே. குழந்தைப் பருவத்திற் சோவியத் நாட்டிலிருந்து குடிபெயர்ந்த அவர் அதற்கு உரியவரானார். மாணவ விசாவில் வருபவர் அதற்கு விண்ணப்பிக்கவே முடியாது. கண்டுபிடிப்பின் காப்புரிமையைப் பெற்ற பல்கலைக்கழகம், பதிலாகக் கிடைத்த பங்குகளை 2005 அளவில் 33 கோடியே 60 இலட்சம் டொலருக்கு விற்றது. பொதுப்பணத்தில் விளைந்த அறிவு தனியுடைமையானது எவ்வாறு என்பதே இக்கதையின் பொருள். இதனைத் தனிமனிதத் துணிச்சலின் காவியமாக்கிப் பிறநாட்டு மாணவர்க்கு முன்மாதிரி காட்டுவது பொருந்தாத உபதேசமாகும்.

கம்பனிக்குச் சென்றவர் விடுதலை பெற்றுவிட்டாரா? ஊதியம் பன்மடங்கு உயர்கிறது. ஊரிலுள்ள கடன் அடைகிறது. பெற்றோரின் வைத்தியச் செலவுக்கு வழி பிறக்கிறது. இவற்றை இகழ்பவர் வறுமையை அறியாதவர். எனினும் பயிற்சிக்காலம் முடிந்ததும் பெரும்பாலார் நாடவேண்டிய தொழில் விசாக்கள், வருடாந்த உச்சவரம்புக்கு உட்பட்டவை மொத்தம் 85,000. கேட்போர் மிகும்போது கல்வியும் உழைப்பும் தீர்மானிக்க வேண்டியதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. விசா முதலாளியின் மனுவைச் சார்ந்தது. வேலை போனால் மீண்டும் 60 நாட் தவணை. நிரந்தர வதிவுரிமையிலோ ஒரு நாட்டிற் பிறந்தோர்க்குப் பொதுவாக 7 வீதமே என்ற எல்லையுண்டு. இந்தியாவிற் பிறந்தோர் பல்லாண்டுகள் காத்துக் கிடக்கின்றனர். பேராசிரியரின் கையொப்பத்தைச் சார்ந்திருந்தவர் இப்பொழுது கம்பனியின் கையொப்பத்தைச் சார்ந்திருக்கிறார். ஊதியம் மாறியது, சார்பு மாறவில்லை.

ஆயினும் இழப்பு எதுவுமில்லை என்று நாம் கூறவில்லை. இலாபத்தை நோக்காது ஒரு வினாவைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்வதற்குச் சமுதாயம் ஒதுக்கிய இடம் பல்கலைக்கழகம். அங்கு கண்டறிவது நூலாகவும் கட்டுரையாகவும் பொதுவாகிறது. கம்பனியிற் கண்டறிவதிற் பெரும்பகுதி வியாபார இரகசியமாகிறது. நமது நாட்டிலிருந்து சென்றோரும் இம்மாணவருள் உளர். 1945இல் நிலைபெற்ற இலவசக் கல்வியின் பயனாக, கிராமத்துப் பாடசாலையிலிருந்து பல்கலைக்கழகம் வரை மக்களின் வரிப்பணத்திற் கற்றவர்கள் அவர்கள். அக்கடன் மெய்யானது. ஆனால் அதனை வசைமொழியால் அறவிட முடியாது. நம்முட் சிலர் மேடைகளில் இவர்களைத் துரோகிகள் என்று சாடுவது, தொழிலாளி வேலையை விட்டதற்காக அவனை ஏசிவிட்டு ஆலைக்காரனை வணங்கி வருவதற்கு ஒப்பானது.

வழி வேறுண்டு. 2022ஆம் ஆண்டு நவம்பரிற் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பத்து வளாகங்களில் ஏறக்குறைய 48,000 கல்விசார் ஊழியர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பிறநாட்டு மாணவரும் அவ்வணியில் நின்றனர். அதன் பயனாகக் கற்பித்தல் உதவியாளரின் குறைந்தபட்ச ஊதியம், ஏறத்தாழ 23,000 டொலரிலிருந்து 2024 ஒக்டோபர் அளவில் 34,000 டொலராக உயர ஒப்பந்தமாயிற்று. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆயினும் ஆய்வுகூடத்தில் தனித்தனியே சோர்ந்து, தனித்தனியே வெளியேறிக்கொண்டிருந்தோர், தாம் ஒரே நிலையில் உள்ளவர் என்பதை அங்கே கண்டனர்.

ஆகவே, ஆசிரியராகவும் மாணவராகவும் உள்ள நம் வாசகர்கள், ஆய்வை விட்டுப் போன ஒருவரைப் பற்றிக் கேள்விப்படும்போது முதலிற் கேட்கவேண்டியவை சில உள. அவருக்குக் கிடைத்த ஊதியம் யாது? அவரது விசா யார் கையில் இருந்தது? அவரது உழைப்பின் பயன் எவரைச் சென்றடைந்தது? இவற்றுக்கு விடை கண்டபின் அவரைக் குறைகூற ஏதேனும் எஞ்சியிருப்பின், அப்பொழுது கூறலாம்.