கறுப்பைப் பார்த்து டிவி வாங்குங்கள்

பூந்தோட்டம், கிளி, அலைகடல். வெளிச்சமான இந்தக் காட்சிகளை இன்று எந்த டிவியும் அழகாகக் காட்டிவிடும். ஒரு டிவியின் யோக்கியதை இருட்டில்தான் தெரியும். சில வாரங்களாக எங்கள் ஹாலில் ஓடும் 55 இன்ச் 4கே எல்இடி டிவியைப் பற்றி எழுத உட்கார்ந்தால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அது காட்டும் கறுப்புதான். அந்தக் கறுப்பு உண்மையில் சாம்பல் நிறம்.

மற்ற விவரங்கள் அட்டைப்பெட்டியிலேயே அச்சாகியிருக்கின்றன. ஸ்மார்ட் டிவி, வைஃபை, மூன்று எச்டிஎம்ஐ துளை, குரலுக்குக் கட்டுப்படும் ரிமோட் எல்லாம் உண்டு, எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன. எந்த நிறுவனத்தின் டிவி என்பது இங்கே முக்கியமில்லை. இந்த விலையில் வரும் பல டிவிகளில் இதே குறை இருக்கிறது.

இரவு பத்தரை மணிக்கு டியூப்லைட்டை அணைத்துவிட்டு ‘கைதி’ போட்டேன். டிவியைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான தமிழ்ப் படம் கிடைக்காது. 2019-இல் வந்த இந்த லோகேஷ் கனகராஜ் படத்தின் கதை ஒரே இரவில் நடந்து முடிகிறது. ஒளிப்பதிவாளர் சத்யன் சூரியன் இருட்டைச் சும்மா இருட்டாக விட்டுவைக்கவில்லை. லாரியின் முகப்பு விளக்குக்கு அப்பால் மரம், அதற்குப் பின்னால் ஆள், அதற்கும் பின்னால் வெறும் இருள் என்று அடுக்கடுக்காக வைத்திருக்கிறார். தியேட்டரில் பார்த்தபோது அந்த அடுக்குகள்தான் பயத்தைக் கொடுத்தன. எங்கள் டிவியில் எல்லா அடுக்கும் ஒன்றாகக் கலந்து ஒரே சாம்பல் படலமாகிவிட்டன. கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்த அம்மா, “என்னடா, படம் பூரா புகை மூட்டமா இருக்கு?” என்று கேட்டார். தொழில்நுட்பம் எதுவும் தெரியாத ஒருவர் குறையை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

இதை யாரும் தங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அகலத்திரைப் படம் ஓடும்போது திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். அந்தப் பட்டையில் படம் எதுவும் இல்லை. சுத்தமான கறுப்பு மட்டுமே இருக்க வேண்டும். அறையை இருட்டாக்கிவிட்டு அந்தப் பட்டையையும் அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். நல்ல டிவியில் இரண்டுக்கும் நடுவே எல்லை தெரியாது. எங்கள் டிவியில் சட்டம் கறுப்பு, பட்டை நீலம் கலந்த சாம்பல். கீழே இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிச்சத் திட்டு வேறு. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு ஒவ்வொரு படத்திலும் பார்வை அங்கேதான் போய் நிற்கிறது.

காரணம் டிவியின் அடிப்படை அமைப்பிலேயே இருக்கிறது. எல்இடி டிவி என்று விற்கப்படுவது எல்லாம் எல்சிடி டிவிதான். பின்னால் வெள்ளை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் இருக்கும் திரவப் படிகங்கள் திறந்து மூடி அந்த வெளிச்சத்தை விடவோ தடுக்கவோ செய்யும். சாத்திய கதவின் இடுக்கு வழியே பக்கத்து அறை வெளிச்சம் வருகிற மாதிரி, முழுக்க மூடிய படிகம் வழியாகவும் கொஞ்சம் ஒளி கசியும். எவ்வளவு கசிகிறது என்பதில்தான் பேனலுக்குப் பேனல் வித்தியாசம். ஐபிஎஸ் வகைப் பேனலில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் பெரும்பாலும் 1000-க்கு 1 என்ற அளவில் நிற்கும். விஏ வகையில் அது 3000, 5000 வரை போகும். எங்கள் வீட்டில் இருப்பது ஐபிஎஸ்.

பழைய குழாய் டிவியில் இந்தப் பிரச்சினை கிடையாது. எலெக்ட்ரான் கற்றை படாத இடத்தில் ஒளியே பிறக்காது. பிளாஸ்மா டிவியும் கறுப்பில் எல்சிடியை விட எவ்வளவோ மேல். ஆனால் அதன் விலை, எடை, மின்செலவு எதுவும் கடையில் அதற்குச் சாதகமாக இல்லை. பானாசோனிக் 2013-இன் இறுதியில் பிளாஸ்மா தயாரிப்பை நிறுத்தியது. சாம்சங்கும் எல்ஜியும் மறு வருடமே கைவிட்டன. தட்டையான, மெலிந்த, வெளிச்சமான திரை ஜெயித்தது. அந்த வெற்றியில் நாம் கறுப்பை இழந்தோம் என்பது எனக்கு இன்றும் ஆற்றாமையாகத்தான் இருக்கிறது.

கடையில் இது ஏன் தெரிவதில்லை? கடை முழுக்க வெள்ளை விளக்கு. அந்த வெளிச்சத்தில் நம் கண் சாம்பலையும் கறுப்பாகவே எடுத்துக்கொள்ளும். ஓடுகிற படமோ நிறுவனமே தயாரித்துக் கொடுத்த தேன், பழம், வண்ணப்பொடி. டிவியும் ‘விவிட்’ மோடில் இருக்கும். பின்விளக்கு உச்சத்தில், நிறம் இரட்டிப்பாக, வெள்ளையில் நீலம் ஏறி, ஓரங்கள் கூர்தீட்டப்பட்டு நிற்கும். பத்து டிவி வரிசையாக மாட்டிய சுவரில் எது அதிகம் மினுக்குகிறதோ அதன் மேல்தான் ஆள் கண் போகும் என்பது விற்பவர்களுக்குத் தெரியும். “சார், 4கே, எச்டிஆர், டால்பி எல்லாம் இருக்கு” என்று விற்பனைத் தம்பி அடுக்குவார். இருட்டில் எப்படி இருக்கும் என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. அவர் மேல் தப்பில்லை. அவரும் அந்த டிவியை இருட்டில் பார்த்திருக்க மாட்டார்.

வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டுவதற்கான இந்த எச்டிஆர் என்ற எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பெட்டியில் எச்டிஆர் என்று போட்டிருந்தால், அந்த வகை சிக்னலை டிவி வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே அர்த்தம். அதைக் காட்டும் திறன் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. எச்டிஆர் படங்களை 1000 நிட்ஸ், சில சமயம் 4000 நிட்ஸ் வெளிச்சம் தரும் திரையை வைத்துத்தான் ஸ்டூடியோவில் சரிசெய்கிறார்கள். நடுத்தர விலை எல்இடி டிவிகள் பெரும்பாலும் 300, 400 நிட்ஸோடு நின்றுவிடும். பளிச்சிட வேண்டிய இடம் பளிச்சிடாது, இருள வேண்டிய இடமும் இருளாது. எங்கள் டிவியில் சில எச்டிஆர் தொடர்கள் சாதாரணப் பிரதியை விட மங்கலாகத் தெரிகின்றன. 2019 ஏப்ரலில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் ‘தி லாங் நைட்’ அத்தியாயம் ஒளிபரப்பானபோது, ஒன்றுமே தெரியவில்லை என்று உலகம் முழுக்கப் பார்வையாளர்கள் கொதித்தார்கள். ஒளிபரப்பில் படத்தை அமுக்கி அனுப்பியதும் ஒரு காரணம், வீட்டு டிவிகளின் லட்சணமும் ஒரு காரணம்.

குறையைச் சமாளிக்க நிறுவனம் ஒரு வசதி கொடுத்திருக்கிறது: லோக்கல் டிம்மிங். இருண்ட பகுதிக்குப் பின்னால் இருக்கும் விளக்கை மட்டும் தணிப்பது. யோசனை அருமையானது. திரையின் பின்புறம் முழுக்க நூற்றுக்கணக்கான தனித்தனிப் பகுதிகளாக விளக்குகள் இருக்கும் விலை உயர்ந்த டிவிகளில் அது நன்றாகவே வேலை செய்கிறது. எங்கள் டிவியில் விளக்குகள் கீழ் ஓரத்தில் மட்டும் வரிசையாக இருக்கின்றன. அதனால் தணிந்தால் ஒரு தூண் முழுக்கத் தணியும், எரிந்தால் மேலிருந்து கீழ்வரை எரியும். இருட்டான காட்சியில் வெள்ளை எழுத்தில் சப்டைட்டில் வந்தால் போதும், திரையின் நடுப்பாகம் குப்பென்று வெளுக்கிறது. எழுத்து போனதும் மறுபடி இருள்கிறது. வசனம் வேகமாக வரும் மலையாளப் படங்களில் இந்தத் துடிப்பு தாங்க முடியவில்லை. அந்த வசதியை நிரந்தரமாக அணைத்துவிட்டேன். மாறாத சாம்பல், துடிக்கிற கறுப்பை விட மேல்.

பிறகு அமைப்புகளைத் துருவினேன். முதலில் பார்க்க வேண்டியது எச்டிஎம்ஐ பிளாக் லெவல். செட்டாப் பாக்ஸ் ஒரு அளவிலும் டிவி வேறு அளவிலும் இருந்தால், எவ்வளவு நல்ல டிவியிலும் கறுப்பு வெளுத்துவிடும். எங்கள் வீட்டில் அது சரியாகவே இருந்தது. அடுத்து பிக்சர் மோடை ‘சினிமா’வுக்கு மாற்றினேன், பின்விளக்கை இரவில் பாதிக்கும் கீழே இறக்கினேன். நிறவெப்பத்தை ‘வார்ம்’ ஆக்கினேன். படங்களைச் சரிசெய்யும் ஸ்டூடியோக்களில் வெள்ளைக்கு அளவுகோல் 6500 கெல்வின்; அதற்கு நெருக்கமாக வருவது இந்த வார்ம்தான். முதல் நாள் மஞ்சளாகத் தெரியும், வீட்டில் ஆட்சேபம் கிளம்பும். இரண்டு மூன்று நாள் பொறுத்தால் கண் பழகிவிடும். அதன்பின் பழைய அமைப்பைப் போட்டுப் பார்த்தால் எல்லா முகமும் நீலம் பாரித்துத் தெரியும்.

நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கறுப்பு வெள்ளைப் படம்தான் நல்ல சோதனை. நான் போட்டது ‘அந்த நாள்’. 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கத்தில் பாட்டே இல்லாமல் வந்த படம், நிழலை நம்பி எடுத்த படம். அதில் எங்காவது நீலமோ பச்சையோ எட்டிப் பார்த்தால் குற்றம் டிவியுடையது. விவிட் மோடில் சிவாஜியின் முகத்தில் ஓடிய நீலம் வார்மில் மறைந்தது. நிழல்கள் மட்டும் அதே சாம்பலாக நின்றன.

மோஷன் ஸ்மூத்திங் என்ற சங்கதியைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சினிமா நொடிக்கு 24 பிரேம். டிவி இரண்டு பிரேமுக்கு நடுவே தானாகக் கற்பனை செய்த பிரேம்களைச் செருகி அசைவை வழுவழுப்பாக்குகிறது. மணிரத்னம் படம் மத்தியான சீரியல் மாதிரி ஆகிவிடுகிறது. 2018 டிசம்பரில் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதை அணைத்துவிடச் சொல்லி ஒரு வீடியோவே வெளியிட்டார்கள். மறு வருடம் இதை அணைக்க ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்ற ஒரே பட்டன் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. இன்னும் பெரும்பாலான டிவிகள் இந்த வழுவழுப்போடுதான் வீட்டுக்கு வருகின்றன. கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். படத்துக்கு அணையுங்கள், ஷார்ப்னஸையும் கூடவே இறக்குங்கள்.

இவ்வளவு திட்டினாலும் இந்த டிவியிடம் ஒரு நல்ல குணம் இருக்கிறது. எங்கள் ஹாலில் யாரும் வரிசையாக சோபாவில் உட்கார்ந்து பார்ப்பதில்லை. அம்மாவின் கட்டில் ஜன்னலோரம், பிள்ளைகள் தரையில், நான் சாப்பாட்டு மேஜையில். ஐபிஎஸ் பேனல் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாமல் காட்டுகிறது. நண்பர் வீட்டு விஏ டிவியில் நேரே உட்கார்ந்தவருக்குக் கறுப்பு மை மாதிரி இறங்கும். ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு முகங்கள் வெளுத்துப்போகும். பகல் வெளிச்சத்தில் செய்தியும் மேட்சும் பார்க்கும் வீட்டுக்கு எங்கள் டிவி நல்ல டிவிதான். சாதாரணத் தர கேபிள் சேனல் 576 வரிதான். அதை 2160 வரித் திரைக்கு இழுக்கும்போது வரும் குழைவையும் இது ஓரளவு கண்ணியமாகவே சமாளிக்கிறது.

கறுப்புப் பிரச்சினைக்கு முழுத் தீர்வு ஓஎல்இடி. அதில் பின்விளக்கே கிடையாது. 83 லட்சம் புள்ளிகளில் ஒவ்வொன்றும் தனித்தனியாக அணையும். ஆனால் விலை அதிகம். நாள் முழுக்க ஒரே செய்தி சேனல் ஓடும் வீட்டில், மூலை லோகோவும் கீழே இருக்கும் பட்டையும் நாளடைவில் திரையில் தழும்பாகப் பதியும் அபாயமும் உண்டு. பட்ஜெட் அவ்வளவு எட்டாதவர்கள் விஏ பேனலைக் கேட்டு வாங்கலாம். ஒரே மாடலில் 50 இன்ச் ஒரு வகைப் பேனலாகவும் 55 இன்ச் வேறு வகையாகவும் வருவதுண்டு; மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள். எந்த டிவியானாலும் அதன் முதுகுப்புறம் ஒரு சின்ன வெள்ளை விளக்கை வைத்தால் சாம்பல் கொஞ்சம் மட்டுப்படும். எங்கள் வீட்டிலும் இப்போது அப்படித்தான்.

ஆடித் தள்ளுபடிக்கோ தீபாவளிக்கோ டிவி வாங்கப் போகிறவர்கள் ஒரு பென்டிரைவில் இரவுக் காட்சி ஒன்றை எடுத்துப் போங்கள். விவிட் மோடை மாற்றி சினிமா மோடில் அதை ஓடவிடச் சொல்லுங்கள். முடிந்தால் அந்தப் பகுதி விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் திரையருகே போய் இரண்டு கையாலும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு கறுப்புப் பட்டையைப் பாருங்கள். அப்புறம் நாலடி பக்கவாட்டில் நகர்ந்து முகங்களைப் பாருங்கள். பணம் கொடுப்பவர் நீங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். மறுக்கிற கடை இருந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.