பார்ஸிலோனாவிலிருந்து வந்த சர்வர்

ஆண்ட்ரூ ஸாக்ஸைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கு ஒரே காரணம், அவரைப் பார்த்து நான் சிரித்த விதம் எனக்கே பிடிக்காமல் போனதுதான். 'ஃபால்ட்டி டவர்ஸ்' தொடரை முதல்தடவை பார்த்தபோது மானுவல் எப்போது வருவான் என்று காத்திருந்தேன். ஓட்டல் முதலாளி பேஸில் ஏதோ உத்தரவு போடுவான். மானுவல் "கே?" என்று விழிப்பான். தலையில் ஒரு அடி விழும். நான் சிரிப்பேன். புத்தகத்தில் படித்துத் தேற்றிய இங்கிலீஷை வைத்துக்கொண்டு இன்னொருவனின் தேறாத இங்கிலீஷைக் கேட்டுச் சிரிக்கிறேன் என்பது உறைக்கச் சில நாட்கள் ஆயின.

டெலிவிஷன் துணை நடிகனுக்கு விமர்சனத்தில் இடம் கிடையாது. இந்தத் தொடரைப் பற்றிய பேச்செல்லாம் ஜான் க்ளீஸ், கானி பூத் இருவரும் எழுதிய பிரதியின் கட்டுக்கோப்பைப் பற்றியதே. நியாயம்தான். பி.பி.ஸி. 2இல் 1975இல் 6, 1979இல் 6, மொத்தமே 12 பகுதிகள். ஒரு வரியை உருவினால் அரைமணி நேரமும் சரியும். ஆனால் இத்தனை கச்சிதமான ஒரு யந்திரத்தில் அடிபடுவதற்கென்று வைக்கப்பட்டவன் என்ன செய்தான் என்பதும் கேட்கவேண்டிய கேள்விதான்.

ஸாக்ஸ் 1930இல் பெர்லினில் பிறந்தவர். தகப்பனார் யூதர், இன்ஷூரன்ஸ் தொழில். தாயார் கத்தோலிக்கர். நாஜிகள் தகப்பனாரைக் கைது செய்து விடுவித்த பிறகு, 1938இல் குடும்பம் இங்கிலாந்துக்குத் தப்பியது. எட்டு வயதில் மொழி மாறிய பையன். பிறகு வானொலி, பிரையன் ரிக்ஸின் ஒயிட்ஹால் கேலி நாடகங்கள், ஆலன் பென்னட்டின் 'ஹேபியஸ் கார்ப்பஸ்' நாடகத்தில் ஒரு சிறு வேடம். அந்தக் கடைசி வேடத்தில் பார்த்துத்தான் க்ளீஸ் அவரைக் கூப்பிட்டார். 45 வயதுவரை யாருக்கும் பெயர் தெரியாத நடிகர்.

இங்கே ஒரு விஷயம். ஸ்பானிஷ் உச்சரிப்பு தனக்கு வருமா என்ற சந்தேகத்தில், சர்வரை ஜெர்மன்காரனாக வைத்துக்கொள்ளலாமா என்று ஸாக்ஸ் கேட்டிருக்கிறார். க்ளீஸ் ஒப்பவில்லை. ஒட்டு மீசை வைத்து, பார்ஸிலோனாக்காரன் ஆனார். அந்த முதல் ஆறில் கடைசிப் பகுதியின் பெயர் 'ஜெர்மானியர்கள்'. தலையில் அடிபட்ட பேஸில், ஜெர்மன் விருந்தாளிகள் முன்னால் யுத்தத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று சொல்லிக்கொண்டே வாய்க்கு வாய் அதையே பேசி, ஹிட்லர் மாதிரி காலைத் தூக்கி நடந்து காட்டுகிறான். பிரபலமான காட்சி. ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த பெர்லின் பையன் அதே ஓட்டலில் வெள்ளைச் சட்டையுடன் வேறு தேசத்தவனாக நிற்கிறான். பிரதிக்கு இது தெரியாது. சிரித்தவர்களுக்கும் தெரியாது. அதே பகுதியில் சமையலறைத் தீ விபத்துக் காட்சிக்காக, புகை வரவேண்டும் என்று அவருடைய சட்டையில் ரசாயனம் தடவினார்கள். அது துணியைத் தாண்டித் தோலை நிஜமாகவே பொசுக்கிவிட்டது. இன்னொரு பகுதியில் க்ளீஸ் பாத்திரத்தால் போட்ட அடி ஒன்றும் நிஜமாகப் பலத்துவிட்டது. இதையெல்லாம் தியாகக் கதை ஆக்குவதில் எனக்கு இஷ்டமில்லை. அடிபடுவது அந்தத் தொழிலில் உள்ளதுதான்.

மானுவல் அயல்தேசத்தானைக் கேலி செய்கிறான் என்று குற்றம் சொல்பவர்கள் உண்டு. 2020இல் மேற்படி பகுதியை ஒரு நிறுவனம் சில நாட்கள் எடுத்தே வைத்திருந்தது. ஆனால் அது மேஜர் பாத்திரம் பேசும் நிறவெறிச் சொற்களுக்காக. கேலிக்கு ஆளாவது பேஸிலின் மூடத்தனமே, மானுவல் அல்ல என்று பதில் சொல்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் போதவில்லை. பதில் சொல்பவர்கள் பாதி உண்மைதான் சொல்கிறார்கள். நாம் மானுவலையும் பார்த்துத்தான் சிரிக்கிறோம். இல்லையென்று சொல்வது சௌகரியமான பொய். குற்றம் சொல்பவர்கள் பிரதியைப் படிக்கிறார்கள், நடிகனைப் பார்ப்பதில்லை.

ஸாக்ஸை நிதானமாகப் பார்த்தால் தெரியும்: அவர் புரியாமையை நடிக்கவில்லை. புரிந்துகொள்ள வேண்டும் என்ற தாகத்தை நடிக்கிறார். சாதாரண நடிகன் முகத்தை மந்தமாக்கிக்கொண்டிருப்பான். மானுவலின் முகம் மந்தமாக இருப்பதே இல்லை. ஒவ்வொரு உத்தரவும் அவனுக்கு ஒரு பரீட்சை. முதுகு நிமிர்கிறது, கண் பேஸிலின் உதட்டின் மேல், பாதி வாக்கியத்திலேயே கால் கிளம்பிவிடுகிறது. புரிந்துவிட்டது என்ற சந்தோஷம் ஒரு வினாடி முகத்தில் வருகிறது. அந்த ஒரு வினாடிதான் ஸாக்ஸின் கலை. அடுத்த வினாடி அடி விழுகிறது. கடைசிப் பகுதியில் அவன் ஒரு எலியை சைபீரிய ஹாம்ஸ்டர் என்று நம்பி வளர்க்கிறான். எல்லோரும் எலி, எலி என்கிறார்கள். அவன் மறுப்பதில் பிடிவாதமல்ல, ஒரு கௌரவம் இருக்கிறது. இந்த கௌரவம் பிரதியில் இல்லை.

இரண்டு தொடர்களுக்கும் நடுவில், 1978இல், ஸாக்ஸ் ஒரு வானொலி நாடகம் எழுதித் தாமே நடித்தார். 'பழி' என்று பொருள்படும் 'தி ரிவெஞ்ச்.' பி.பி.ஸி. ரேடியோ 3. ஏறத்தாழ அரைமணி நேரம், ஒரு வார்த்தைகூடப் பேச்சு இல்லை. ஓடும் கால்கள், மூச்சு, தண்ணீர், தப்பியோடும் ஒருவன், முடிவில் ஒரு வன்முறை. நாம் இங்கே மௌனத்தைப் பற்றிக் கவிதைகளில் நிறையப் பேசியாகிவிட்டது. பேச்சு மட்டுமே மூலதனமான ஒரு சாதனத்தில், பேசத் தெரியாத சர்வர் என்று தேசமே அறிந்த ஒருவர், பேச்சையே எடுத்துவிட்டுப் பார்த்திருக்கிறார். மொழி கழன்ற பின் உடம்பு எப்படிக் கேட்கும் என்பது அவருக்கு மானுவலிடமிருந்தே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம். ஆனால் இந்த நாடகத்தை வைத்துத் திரும்பிப் பார்க்கும்போது "கே?" என்பது வெறும் ஹாஸ்யத் துணுக்காக எனக்குப் படவில்லை.

பிற்காலத்தில் அவர் குரலுக்குத்தான் கிராக்கி. டாகுமெண்டரிகளுக்கு வர்ணனை, வானொலியில் ஃபாதர் பிரௌன், பிறகு டாக்டர் வாட்ஸன். பிசிரில்லாத இங்கிலீஷ். ஆனாலும் தெருவில் மானுவல்தான். 2016இல், ஞாபகம் குலைக்கும் நோயில் சில ஆண்டுகள் இருந்து, இறந்தார். ஸ்பெயினில் தொடரை மொழிமாற்றியபோது மானுவலை இத்தாலியன் ஆக்கிவிட்டார்கள், பெயர் பாவ்லோ. கத்தலான் மொழியில் மெக்ஸிகோக்காரன். யாரும் அவனைத் தன் ஊர்க்காரன் என்று ஏற்கத் தயாராயில்லை.

'ஜெர்மானியர்கள்' பகுதியை மறுபடி பார்த்தேன். யுத்தக் காட்சியைவிட அதற்கு முந்தைய ஒரு சின்ன இடம் இப்போது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வரவேற்பு மேஜைக்குப் பின்னால் குனிந்து வேலையாக இருக்கும் மானுவல், யாருமில்லை என்று நினைத்துத் தனக்குத் தானே இங்கிலீஷ் பேசிப் பழகுகிறான். நன்றாகவே வருகிறது. புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்டேன் என்கிறான். மேஜைமேல் ஒரு மூஸ் மானின் பாடம் செய்த தலை. உள்ளே வரும் கிழட்டு மேஜர், பேசுவது மான் என்று நினைத்து, அதற்கு மரியாதையாகப் பதில் சொல்கிறார்.